டீச்சரைக் கேளுங்கள்: கான்வென்ட் கடிதங்கள்

கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற டீச்சர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அனுப்புகிறார்கள். நான் கட்டணம் கட்டுவது அவள் படிக்கவா, ஊருக்கு உழைக்கவா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: இரண்டுக்கும்தான் ஐயா. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தலைப் புரியவைக்கத் தெரிந்தவள் கணக்குப் பரீட்சைக்குப் பயப்பட மாட்டாள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. வீடு திரும்பியதும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி மகள் எப்படிப் பேசுகிறாள்? 'பாவம் அப்பா' என்கிறாளா, 'அந்தக் குட்டிக்கு இன்றைக்கு வகுத்தல் வந்துவிட்டது' என்கிறாளா? வெறும் 'பாவம்' மட்டும்தான் வருகிறது என்றால் பள்ளியில் போய்ச் சண்டை போடுங்கள். நானும் துணைக்கு வருகிறேன்.

கொல்கத்தாவில் சியால்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லொரெட்டோ பள்ளி இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த சிஸ்டர் சிரில் மூனி 1979இல் அங்கே தலைமையாசிரியை ஆனார். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் படித்த பள்ளி. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளை அவர் ஆண்டுதோறும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் மாணவிகளில் பாதிப் பேர் இலவசமாகப் படித்தார்கள். அதோடு விடவில்லை. தெருவில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் 'ரெயின்போ' என்று ஒரு பள்ளி. அவர்கள் எந்த நேரத்தில் வந்தாலும் கற்றுக்கொடுக்க ஒருத்தி இருப்பாள். அது பள்ளி மாணவிகளின் பாடவேளையிலேயே சேர்ந்திருந்தது. 2007இல் சிஸ்டருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்குப் பிடித்தது விருதல்ல, அந்த மாடிப்படி. தெருப்பிள்ளையும் டாக்டர் மகளும் ஏறியது ஒரே படியில்தான். உங்கள் மகளின் பள்ளியில் அந்தச் சனிக்கிழமைப் பிள்ளைகளைக் கேட்டுக்குள் விடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி: அசெம்பிளியில் சமத்துவம் என்று பேசுகிறார்கள். மாணவத் தலைவி மட்டும் ஆண்டுதோறும் ஆங்கில வழியில் படிப்பவள்தான். தமிழ் வழி மாணவிகளான எங்களை நாற்காலி தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: ஒரே வளாகத்தில் அரசு உதவிபெறும் தமிழ் வழியும் கட்டணம் கட்டும் ஆங்கில வழியும் நடக்கும் பள்ளிகளில் இது பழைய நோய். இரண்டு பிரிவும் சேர்ந்து ரகசிய வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இருபது பேராவது கையெழுத்துப் போடுங்கள். ஒருத்தி மட்டும் போட்டால் அவளைத்தான் வாயாடி என்பார்கள்.

ஆண்டு விழாவில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் ஏந்தி வாசலில் யார் நிற்கிறார்கள் என்றும் கவனி. சிவந்த நிறம், நீளப் பின்னல்! கறுத்த பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் திரை இழுப்பார்கள். நான் இருந்தவரை வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் தட்டு. சில ஆசிரியைகள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: எங்கள் பங்குக் கோவிலில் திருப்பலிப் பூசையின்போது பீடத்தில் உதவி செய்யப் பையன்களை மட்டும் சேர்க்கிறார்கள். பெண்கள் கேட்கக் கூடாதா?
– எட்டாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகக் கேள், கண்ணே. ஆயர், அதாவது பிஷப், சம்மதித்தால் சிறுமிகளும் பீடத்தில் உதவலாம் என்று 1994இலேயே வத்திக்கான் சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தையே திருத்தி, வேதம் வாசிக்கும் வாசகப் பணியையும் பீடத்தில் உதவும் பீடப் பணியையும் பெண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டார். இந்த இரண்டு ஆண்டுகளையும் மனப்பாடம் செய்துகொண்டு பங்குத்தந்தையிடம் போ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: நாங்கள் 1985ஆம் ஆண்டு செட். பள்ளிக்கு நினைவாக மாதா கெபி (மாதா சிலை வைக்கும் குகை போன்ற மாடம்) கட்டித் தரலாமா?
– முன்னாள் மாணவிகள், மதுரை

பதில்: கெபி ஏற்கெனவே ஒன்றாவது இருக்குமே! கழிவறைக்குச் செலவிடுங்கள். ஓடும் தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. இவை இல்லாததால் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. ரசீது போடத்தான் தலைமையாசிரியை. என்ன வாங்குவது என்பதைக் கழிவறையைச் சுத்தம் செய்யும் அம்மாவிடம் கேளுங்கள். எந்தக் கதவின் தாழ்ப்பாள் விழாது என்று அவருக்குத்தான் தெரியும்.