சின்ன வயசு அடியும் இப்போதைய தலையிடியும்

உப்புவெளித் தங்கச்சிக்கு, சின்னனில் வீட்டில் வாங்கின அடிக்கும் இப்போதைய ஒற்றைத் தலையிடிக்கும் தொடர்பு உண்டோ என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. 2023இல் 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிறுவயதில் துன்பப்பட்டவர்களுக்குத் தலையிடி நோய் வரும் வாய்ப்பு விகிதம் 48% கூட. ஆனால் அதுதான் காரணம் என்று முடிவுகட்ட ஏலாது.

என்னை உறுத்துவது உங்கள் பனடோல் (பரசிற்றமோல் குளிசை) கணக்கு. கிழமைக்கு ஐந்து நாள் போடுகிறீர்களா! மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டிப் போட்டால் குளிசையே தலையிடியைக் கொண்டுவரலாம். கலண்டரில் இடித்த நாளுக்குப் புள்ளி, குளிசை போட்ட நாளுக்கு வட்டம், மாதவிடாய்க்குக் கோடு போட்டு, ஒரு மாதத்தால் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கள். அடி வாங்கினதையும் மறைக்காதீர்கள். மனசு கனத்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குக் கோல் எடுக்கலாம். திடீரென உச்சமாய் இடித்தாலோ, கைகால் விறைத்தாலோ கலண்டர் பார்க்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.