90 மி.மீ. வைடு லென்ஸுக்கு எந்த ஃபோகஸிங் ஸ்கிரீன் வாங்கலாம்?

கேள்வி: 4×5 வியூ கேமராவில் (4×5 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமரா) 150 மி.மீ. லென்ஸ் போட்டால், பின்னால் படம் விழும் கண்ணாடி, அதாவது ஃபோகஸிங் ஸ்கிரீன், முழுக்கத் தெரிகிறது. 90 போட்டால் நடுவில் ஒரு வெளிச்ச வட்டம், மூலைகளில் கும்மிருட்டு. பிரகாசமான ஸ்கிரீன் வாங்கினால் சரியாகுமா?

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணை நடுவிலிருந்து மெல்ல வலது மேல் மூலைக்கு, அதையும் தாண்டி வெளியே கொண்டுபோங்கள். அதுவரை கரியாக இருந்த மூலை பளிச்சென்று தெரியும். எதிர் மூலை அணைந்துபோகும். வெளிச்சம் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது, உங்கள் கண் பக்கம் திரும்பாமல் போகிறது, அவ்வளவுதான்.

4×5 படத்தின் மூலை நடுவிலிருந்து சுமார் 76 மி.மீ. தள்ளி இருக்கிறது. 150 லென்ஸிலிருந்து அங்கே போகும் கதிர் 27 டிகிரி சாய்வில் விழுகிறது, 90 லென்ஸில் 40 டிகிரி, 65 என்றால் கிட்டத்தட்ட 50. தேய்த்த கண்ணாடி அதைக் கொஞ்சம் சிதறடிக்கும், ஆனாலும் பெரும்பங்கு வந்த சாய்விலேயே வெளியே ஓடிவிடும். இது போக, மூலைக்கு வெளிச்சமே குறைவாகத்தான் போய்ச் சேருகிறது. கோசைன் கணக்குப்படி 90இல் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அது ஃபிலிமிலும் குறையும், அதற்கு ஸ்கிரீன் எதுவும் செய்ய முடியாது, நடுவை மட்டும் மங்கவைக்கும் சென்டர் ஃபில்டர்தான் வழி. (அதையும் ஃபோகஸ் முடிந்த பிறகு மாட்டுங்கள். முன்னாலேயே மாட்டினால் இருக்கிற வெளிச்சமும் போகும்.)

இதனால்தான் ‘பிரகாசம்’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. ரொம்ப நைசாகத் தேய்த்த கண்ணாடி குறைவாகச் சிதறடிக்கும். நடு பளபளக்கும், மூலை இன்னும் கறுக்கும். நீள லென்ஸ்காரருக்கு அது வரம், உங்களுக்குத் தொல்லை. கொஞ்சம் கொரகொரப்பான சாதாரண கிரவுண்ட் கிளாஸே வைடுக்கு நல்லது. நடுவில் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அதற்குப் பின்னால், அதாவது உங்கள் கண் பக்கம், ஒரு ஃப்ரெனெல் (வட்ட வட்டமாக வரிகள் கொண்ட தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ்). சாய்ந்து ஓடும் கதிர்களைக் கண் பக்கம் மடக்குவது அதன் வேலை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஃப்ரெனெலுக்கும் குவியத் தூரம் உண்டு. லென்ஸ் தூரம், கண் தூரம் இரண்டையும் தலைகீழாக்கி (1/தூரம்) கூட்டி, விடையை மறுபடி தலைகீழாக்கினால் தேவையான அளவு வரும். கண் 300 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 150 லென்ஸுக்கு 100 மி.மீ. ஃப்ரெனெல் பொருந்தும். 90க்கு 69 வேண்டும், 210க்கு 120க்கு மேல். நடுத்தர லென்ஸை மனதில் வைத்துச் செய்த ஃப்ரெனெல் 90க்குப் பாதி வேலைதான் செய்யும். எனவே விற்பவரிடம் குவியத் தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்த வேண்டியதில்லை, தலையை முன்னே பின்னே நகர்த்திக் கொஞ்சம் சரிக்கட்டலாம்.

‘கண் பக்கம்’ என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதன்முதலில் ஒரு பழைய ஃப்ரெனெல் கிடைத்தபோது, ஆர்வக்கோளாறில் அதைக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே சொருகிவிட்டேன். மூலைகள் அருமையாகத் தெரிந்தன. 3 மீட்டரில் ஒரு மரக்கதவு, 90 லென்ஸ், எஃப்/8 திறப்பு. சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த கீறல் வரை லூப்பில் (உருப்பெருக்கி) பார்த்துத்தான் எடுத்தேன். நெகட்டிவில் கதவு சோப்புத் தண்ணீர் பூசியதுபோல் இருந்தது. ஒன்றரை மீட்டர் பின்னாலிருந்த செங்கல் சுவரோ துல்லியம்! ஃப்ரெனெலின் தடிமன் 1.5 மி.மீ., கண்ணாடி அந்த அளவு பின்னே போய்விட்டது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் அதில் மூன்றில் ஒரு பங்கை ஈடுகட்ட, மிச்சம் 1 மி.மீ. பிழை. 90 லென்ஸில் அந்த 1 மி.மீ. போதும், 3 மீட்டர் ஃபோகஸ் 4.6 மீட்டருக்குத் தாவிவிடும்.

சில கேமராக்களில் தயாரிப்பாளரே லென்ஸ் பக்கம் வைத்துக் கணக்குப் பண்ணியிருப்பார், கிராஃப்லெக்ஸ் கேமராக்களின் எக்டாலைட் ஃப்ரெனெல் அப்படித்தான். அதைக் கழற்றினாலும் இதே வம்பு, எதிர்த்திசையில். கண்ணாடியின் தேய்த்த முகம் எப்போதும் லென்ஸைப் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃப்ரெனெலால் தொல்லைகளும் உண்டு. 6 மடங்கு லூப் வைத்தால் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்து எரிச்சலூட்டும், 4 மடங்கு போதும். மூலையில் லூப்பை நேராக வைத்தால் இருட்டுதான். கண் வைக்கிற முனையை வெளிப்பக்கம் சாய்த்து, லூப் வழியே லென்ஸையே குறிபார்ப்பதுபோல் வையுங்கள். அடிவிளிம்பு அகலமான லூப் இதற்கு இடம் கொடுக்காது. முன் ஸ்டாண்டர்டை (லென்ஸைத் தாங்கும் சட்டம்) நிறைய உயர்த்தினால் லென்ஸின் மையம் ஃப்ரெனெலின் மையத்தை விட்டு விலகிவிடும், அப்போது கண்ணும் இடம் மாற வேண்டும். கட்டடம் எடுப்பவராக இருந்தால் இது தினசரி தலைவலி. மூலை வெட்டிய கண்ணாடியாக இருந்தால், ஃப்ரெனெலும் மூலை வெட்டியதாகப் பாருங்கள். லென்ஸ் அந்த மூலையை மறைக்கிறதா என்று நேரடியாக எட்டிப் பார்க்கும் ஒரே ஜன்னல் அது.

கையில் பணம் இருந்து லென்ஸும் இன்னும் வாங்கவில்லையென்றால், ஸ்கிரீனை மறந்து, எஃப்/8க்குப் பதில் எஃப்/5.6 லென்ஸ் பாருங்கள். கண்ணாடி முழுக்க இரண்டு மடங்கு வெளிச்சம். கனம் மட்டும் தோளுக்குத் தெரியும்.