சுளகடியில் இருக்கும் பிள்ளை

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். 3 முதல் 5 வயது வரை 22 பிள்ளைகள். புது வருடத்துக்குப் பாடத்திட்டம் எழுதுகிறேன்: 40 வாரம், வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஓர் எழுத்து, ஓர் எண். காலை 8.30 முதல் 11.30 வரை அரைமணி அரைமணியாகப் பிரித்தும் நேரம் போதவில்லை. தரம் 1க்குப் போகும்போது எழுத வாசிக்கத் தெரிய வேண்டும் என்று பெற்றோர் நெருக்குகிறார்கள். எதை விடுவது, எதை வைப்பது? 4 வயதுப் பையன் ஒருவன் எதிலும் உட்காருவதில்லை. பின்பக்கம் ஆயாம்மாவோடு சுளகடியில் இருந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டு கதைத்தபடி இருப்பான். இனி அங்கே விட வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டேன்.
- ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: தங்கச்சி, 40 வாரத்தை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பையனை ஏன் அங்கிருந்து எழுப்பினீர்கள்? கடிதம் முழுக்கத் தலைப்பு, எழுத்து, நேரம் என்று போகிறது, கடைசியில்தான் அவன் வருகிறான், அதுவும் முறைப்பாடாக. அந்த வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் முன்பள்ளியில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த பாடம் அந்தச் சுளகடியில்தான் நடந்தது, அதை நீங்களே நிறுத்திவிட்டு எதை வைப்பது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

பருப்பையும் கல்லையும் பிரிக்கிறானே, அது வகைப்படுத்தல், கணக்குக்கு அதுதான் அத்திவாரம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சின்னக் கல்லைத் தூக்குகிறான், நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள். மணிக்கட்டில் 8 எலும்புகள் உண்டு. 3 வயதில் அவற்றில் இரண்டு மூன்றுதான் எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும், மிச்சமெல்லாம் இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதக் கொடுத்துவிட்டு, கோணல் மாணலாக எழுதுகிறான் என்று அதட்டுகிறோம். களிமண் பிசையட்டும், சிரட்டையால் தண்ணீர் அள்ளி ஊற்றட்டும், கை தன்பாட்டில் பலக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, அவன் கதைக்கிறான். உங்கள் அட்டவணையில் ஒரு பிள்ளை நிம்மதியாக ஐந்து நிமிடம் கதைப்பதற்கு எந்த அரைமணியில் இடம் வைத்திருக்கிறீர்கள்? கொழும்பில் எங்கள் பிள்ளைகள் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் வளர்கின்றன, தாயும் தகப்பனும் வேலைக்கு, அம்மம்மா யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ. அவன் தன் வீட்டில் இல்லாத அம்மம்மாவை உங்கள் பின்விறாந்தையில் கண்டுபிடித்துவிட்டான், நீங்கள் அவரையும் பறித்துவிட்டீர்கள். இந்த வயதுப் பிள்ளையைத் தாயின் கையிலிருந்து வாங்குகிறவருக்கு, அந்த வீட்டின் சூட்டில் பாதியையாவது கொடுக்கிற கடமை இருக்கிறது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக ஆயாம்மாவைக் கூப்பிட்டு, நான் சொன்னது பிழை என்று சொல்லுங்கள்.

பெற்றோர் நெருக்குகிறார்கள் என்பது எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இருக்கிற வரி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் ஒவ்வொரு வகுப்பாகக் கீழே இறங்கி இப்போது 3 வயதுப் பிள்ளையின் தலையில் வந்து நிற்கிறது. அவர்களைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லுங்கள்: 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2க்கே விளையாட்டைத்தான் முன்னுக்கு வைத்தது, மேசையில் இருந்து எழுதுவதற்குக் கடைசி இடம்தான். பெரிய பள்ளிக்கூடத்திலேயே அப்படி இருக்க, நாம் எதற்கு அவசரப்படுகிறோம்? ஆனால் நீங்கள் பிள்ளைகளை வேறு நர்சரிக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்துபோய், உங்களுக்கே நம்பிக்கையில்லாத திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். படித்த ஆசிரியை உண்மையைச் சொல்லாவிட்டால் அந்தத் தாய்மாருக்கு வேறு யார் சொல்வது?

சரி, திட்டத்துக்கு வருவோம். 40 வாரத்தையும் இப்போதே நிரப்பாதீர்கள். தவணைக்கு நான்கைந்து விஷயம் போதும், அதையும் உங்கள் ஒழுங்கையைச் சுற்றியே எடுங்கள்: கடலோரம் ஓடுகிற ரயில், மே மாதத்து மழை, வெசாக் கூடு, ஆடிவேல். முதல் இரண்டு கிழமையும் கொப்பியோடு ஓர் ஓரமாக இருந்து, ஒரு நாளைக்கு நான்கு பிள்ளை என்ற கணக்கில், யார் எதைத் தேடிப் போகிறார்கள், யாரோடு கதைக்கிறார்கள், தமிழிலா சிங்களத்திலா என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கொப்பியைப் பார்த்து அடுத்த கிழமையை எழுதலாம். மூன்று மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலம் முழுசாக, இடையில் மணி அடிக்காமல், அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். மிச்சத்தில் வெளியே ஓடி விளையாடுவது, சாப்பாடு, வீட்டு மொழியில் ஒரு கதை. இங்கிலீஷ் பாட்டாக வரட்டும். எழுத்தை, 5 வயதை எட்டுகிற பிள்ளைகளுக்கு அவரவர் பெயரிலிருந்து தொடங்குங்கள், அந்த எழுத்தில் அவர்களுக்கே ஆசை இருக்கும்.

அப்புறம், இன்னொரு சுளகு வாங்கி வகுப்புக்குள் வையுங்கள், ஆயாம்மாவும் வந்து உட்காரட்டும். சின்னதுகள் பருப்பை மூக்குக்குள் போட்டுவிடும், அவர்களுக்குக் கடற்கரையில் பொறுக்கிய பெரிய சிப்பிகளைக் கொடுங்கள். அந்தப் பையன் உள்ளே வரக்கூடும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் விறாந்தையிலேயே இருக்கட்டும், நீங்கள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கல் பொறுக்குங்கள்.