ஒரு பட்டத்துல காய்ச்சுக் கொட்டுன வெண்டை அடுத்த பட்டத்துல ஏன் கைவிடுது?

கோவில்பட்டி பக்கத்துல இருந்து ஒரு விவசாயி கேட்டிருக்காரு: "மாசியில கிணத்துப் பாசனத்துல செம்மண் தோட்டத்துல வெண்டை நல்லா காய்ச்சது சார், அதுல உயரமா காய் நெறைய இருந்த செடிங்களா பாத்து விதை எடுத்து வச்சு புரட்டாசியில கரிசல்ல மானாவாரியா போட்டேன். செடி வளந்துச்சு, காய் பாதி கூட வரல. எங்க போட்டாலும் விளையுற மாதிரி நானே ஒரு ரகம் எடுக்க முடியுமா?"

முடியும் அண்ணாச்சி. ஆனா மொதல்ல நீங்க விதை எடுத்தது ஹைபிரிட் செடியா (ரெண்டு வேற வேற பெற்றோர கலந்து எடுத்த முதல் தலைமுறை), இல்ல விதை எடுத்துப் போட்டாலும் அதே மாதிரி வர்ற ரகமான்னு பாக்கணும். கம்பெனி ஹைபிரிட்டா இருந்தா அதுல இருந்து எடுத்த விதை அடுத்த தலைமுறையில பிரிஞ்சுடும், ஒரு செடி நெட்டையா ஒண்ணு குட்டையா ஒண்ணு சீக்கிரம் பூக்குறதுமா ஆளுக்கொரு மாதிரி நிக்கும், கரிசலைக் குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல. ரகமா இருந்தாலும் வெண்டை முழுசா தன் மகரந்தத்துலயே காய்க்கிற பயிர் இல்ல, தேனீயும் வண்டும் பக்கத்து வயல் மகரந்தத்தை கொண்டாந்து போட்டுரும். அதனாலதான் சான்று விதை (விவசாயிக்கு விக்கிற விதை) எடுக்க வேற வெண்டை வயல்ல இருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கணும்னு விதி வச்சிருக்காங்க, அதுக்கு மூலமான ஆதார விதைக்கு 400 மீட்டர். அவ்ளோ தூரம் கிடைக்காதவங்க சாயங்காலமே மறுநாள் விரியப்போற மொட்ட (நுனியில இதழ் மஞ்சளா எட்டிப் பாக்கும்) நூலால கட்டிடுங்க, காலையில அது விரியாம உள்ளுக்குள்ளயே கருவாயிடும், அந்தக் காய்க்கு ஒரு அடையாள நூல் கட்டி விதைக்கு விட்டுருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நீங்க செடியத் தேர்வு பண்ணது தண்ணியும் உரமும் நெறைஞ்ச எடத்துல. ஒரு செடி நெறைய காய்ச்சா அதுக்குக் காரணம் அதோட பரம்பரையா, இல்ல அது நின்ன எடத்துல எரு கூட விழுந்துச்சா, வாய்க்கால் ஓரமா, பக்கத்துச் செடி செத்து இடம் கிடைச்சுதான்னு ஒத்தச் செடியப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. மொத்த மகசூல் சூழலோட ரொம்ப ஆடுற குணம். அதுக்குப் பதிலா மகசூலுக்கு அடியில இருக்கற குணங்களைப் பாருங்க: முதல் பூ கீழ எத்தனாவது கணுவுல வருது, கணுவுக்கு கணு இடைவெளி குறுக்கமா இருக்கா, ஒரு செடிக்கு எத்தனை காய், பக்கக்கிளை வருதா. ஒரு கணுவுக்கு ஒரு காய்ங்கறதுதான் வெண்டையோட கணக்கு, அதனால கணு நெருக்கமா இருந்தா அதே உயரத்துல கூடுதல் காய் வரும். உயரம்னு மட்டும் பாத்து எடுத்தீங்கன்னா நீளமான கணு வச்ச செடிதான் கைக்கு வரும், எனக்கு இதுலதான் உங்க தேர்வு மேல சந்தேகமே.

அப்படி 20, 30 நல்ல செடி எடுத்து, விதையக் கலக்காம செடிக்கு ஒரு பொட்டலமா வச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனி வரிசையா போடுங்க. அந்த வரிசையப் பாத்தாதான் தாய்ச்செடியோட உண்மையான தரம் தெரியும். மோசமான வரிசைய ஒட்டுமொத்தமா கழிச்சுட்டு மிச்சத்துல அஞ்சாறு லைனுக்கு (ஒரே தாய்ச்செடி விதையில வந்த வரிசைதான் லைன்) வந்துடுங்க. அப்புறம்தான் சோதனையே: அந்த லைனுங்களோட நீங்க வழக்கமா போடுற ரகத்தையும் ஒப்பீட்டுக்குச் சேத்து, மாசியில செம்மண்ணுலயும் புரட்டாசியில கரிசல்லயும் ரெண்டு இடத்துலயும் போடணும், ஒவ்வொண்ணையும் வயல்ல மூணு எடத்துல, எது எங்கன்னு சீட்டு குலுக்கிப் போட்டு. இடைவெளி ஒண்ணா இருக்கணும், ஓரச்செடிய கணக்குல சேக்கக்கூடாது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரே நாள்ல பறிச்சு மண்டிக்கு போற காய மட்டும் எடை போட்டு நோட்டுல எழுதுங்க. ஒரு லைன்ல மட்டும் காய் முத்த விட்டுட்டா செடி புதுக்காய் பிடிக்கிறத குறைச்சுக்கும், ஒப்பீடு கெட்டுப்போச்சு.

உதாரணத்துக்கு ஒரு லைன் செம்மண்ணுல 40 கிலோ, கரிசல்ல 18 கிலோ குடுக்குது, இன்னொண்ணு 30ம் 27ம் குடுக்குதுன்னு வைங்க. சராசரி ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா குணம் வேற. மொதல் லைன் சூழல் நல்லா இருந்தா எகிறும், கெட்டா விழும், ரெண்டாவது அசையாது. எபர்ஹார்ட், ரஸ்ஸல்ங்கற ரெண்டு பயிர் விஞ்ஞானிங்க 1966ல கணக்கு வழியா சொன்னதும் இதத்தான், இன்னைக்கும் ரகங்களோட நிலைத்தன்மைய அந்த முறையில பாக்கறாங்க. எங்க போட்டாலும் முதலிடம் வர்ற ஒரே ரகத்த தேடறத விட, தண்ணி இருக்கற தோட்டத்துக்கு மொத லைனும் மானாவாரிக்கு ரெண்டாவதும்னு ரெண்டு விதை வச்சுக்கறது உங்களுக்கு லாபம்னு நான் நெனைக்கிறேன். ஒரே விதைதான் வேணும்னா ரெண்டாவத எடுங்க.

மஞ்சள் நரம்புத் தேமல விட்டுட்டு மகசூலப் பத்தி பேசவே முடியாது. வெள்ளை ஈ பரப்புற வைரஸ், சின்னச் செடியில வந்துட்டா அந்தச் செடி அம்புட்டுதான். பூசா சவானிங்கற ரகம் வந்த புதுசுல இந்த நோய்க்கு நல்லா தாங்குச்சு, அப்புறம் தாங்கல. அடுத்து காட்டு வெண்டை வகைகளோட கலப்பு பண்ணி பர்பானி கிராந்தி, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா அனாமிகா எல்லாம் வந்துச்சு, அதுலயும் பின்னாடி பல எடத்துல நோய் தெரிஞ்சுது, வைரஸும் மாறிக்கிட்டே இருக்கு. அதனால வெயில் ஏறி வெள்ளை ஈ பெருகுற சமயத்துல ஒவ்வொரு லைன்லயும் ஒரு வரிசையாவது மருந்தடிக்காம விட்டு எது சுத்தமா நிக்குதுன்னு பாருங்க, மருந்து தெளிச்ச வயல்ல நோய் தாங்குற செடிய கண்டுபிடிக்க வழியில்ல.

உங்ககிட்ட இருக்கறதுல ஒரு குணம் இல்லவே இல்லைன்னா தேர்வு பண்ணி அதக் கொண்டுவர முடியாது, கலப்புதான் செய்யணும். மொத நாள் சாயங்காலம் மொட்டைப் பிரிச்சு மகரந்தப்பைய எடுத்து மூடிட்டு மறுநாள் காலையில அப்பாச்செடி மகரந்தத்த தடவணும். அதுக்கப்புறம் மொட்டைக் கட்டி தன் மகரந்தத்துலயே விதை எடுத்துட்டு வந்தா ஒவ்வொரு தலைமுறைக்கும் செடியில இருக்கற கலப்புத்தன்மை பாதி பாதியா குறையும், ஆறாவது தலைமுறைக்கு வந்தா சுமார் 3 சதவீதம்தான் மிச்சம், அதுவரைக்கும் மேல சொன்ன தேர்வு தொடரணும். வருஷத்துக்கு ரெண்டு பட்டம்னா மூணு வருஷம் பிடிக்கும்.

சட்டத்தப் பத்தியும் கவலை வேணாம், 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்துல சொந்த விதைய வச்சுக்கவும் மாத்திக்கவும் பிராண்ட் பேர் போடாம விக்கவும் விவசாயிக்கு உரிமை இருக்கு, உங்க ரகம் நிலைச்சு நின்னா உங்க பேர்லயே பதிவும் பண்ணலாம். இந்த மாசிக்கு விதைக்காய் காஞ்சு பழுப்பாகி வரியில லேசா வெடிப்பு விடும்போது பறிங்க, அதுக்கு மேல விட்டா விதை கொட்டிடும்.