துணைச்செடிகளும் சோப்புக் கரைசலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டு இது இரண்டாவது பருவம். எந்தச் செடிக்கு எது துணை, எது பகை என்று சொல்லும் இரண்டு அட்டவணைகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அவரையையும் வெங்காயத்தையும் சேர்த்து நடாதே என்கிறது. மற்றதில் அந்தப் பேச்சே இல்லை. தக்காளிக்கு நடுவே துளசியும் ஓரத்தில் இரண்டு செண்டுமல்லியும் வைத்தேன். ஆனாலும் தக்காளியின் வேரெல்லாம் முடிச்சு. கத்தரிக்குப் பக்கத்தில் விதைத்த தட்டைப்பயறில், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிவிட்டது. அவற்றுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உப்பிய மணிகள் வேறு. ஏதோ பூஞ்சை என்று நினைத்துச் சோப்புக் கரைசல் அடித்தேன். பிறகு வேரோடு பிடுங்கி எரித்துவிட்டேன். கொத்தமல்லியும் பூத்துவிட்டதால் எடுத்துவிட்டேன். தினமும் என் மகள் என்னோடு தோட்டத்துக்கு வருகிறாள். அவள் முன்னால் எல்லாம் வாடிப்போவது கஷ்டமாக இருக்கிறது. எந்த அட்டவணையை நம்பலாம்?

ம.

அன்புள்ள ம.,

இந்த வாரம் முழுக்க, பூத்து நிற்கும் சோம்புச் செடியின் முன்னால்தான் என் காலைப்பொழுது போகிறது. அதில் மொய்க்கும் பொடிக் குளவிகளைப் பற்றி எழுத நினைத்திருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்டது அட்டவணையைப் பற்றி. எனக்கு மனம் பதைத்தது, போகிற போக்கில் நீங்கள் சொன்ன பழுப்பு மணிகளைப் படித்தபோது.

அவரை, வெங்காயச் சண்டையை விடுங்கள். இடமும் வெயிலும் இருந்தால் இரண்டையும் நடுங்கள். துளசி இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மணிகள் பூஞ்சை அல்ல. அவையும் அசுவினிகள்தான், உள்ளே குளவிக் குஞ்சு இருந்த அசுவினிகள். எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி, தன் வயிற்றைக் கால்களுக்கு இடையே முன்னால் வளைத்து அசுவினியைக் குத்தி, உடலுக்குள் ஒரு முட்டையை வைக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு அசுவினியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. அசுவினி உப்பி, தோல் காகிதம்போல் ஆகி, இலையோடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் முதுகில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வருகிறது. ஒரு பெண் குளவி நூற்றுக்கும் மேற்பட்ட அசுவினிகளில் முட்டையிடும். பசுமைக்குடிலில் பயிர் செய்கிறவர்கள் இந்தக் குளவிகளைக் காசு கொடுத்து வாங்கிக் குடிலுக்குள் பறக்கவிடுகிறார்கள். உங்களுக்கு அது தானாக வந்தது. நீங்கள் எரித்துவிட்டீர்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? அட்டவணையைப் பார்த்த நேரத்தில் பாதியை அந்த இலைக்குக் கொடுத்திருக்கலாமே! தட்டைப்பயறில் வரும் கருப்பு அசுவினி பெரும்பாலும் பயறுவகைச் செடிகளையே நாடும். கத்தரியில் பெருகுவது பெரும்பாலும் வேறு இனம். ஆனால் பொறிவண்டு இரண்டையும் தின்னும். இந்தக் குளவிகளிலும் பல இரண்டையும் தாக்கும். தட்டைப்பயறு கத்தரிக்குத் துணையாவது இந்த வழியில்தான். அதில் அசுவினி வருவது தோல்வி அல்ல. அதற்காகவே அதை விதைக்கிறோம். முதலில் இரை வரும், பிறகுதான் இரை தேடுகிறவை வரும். அந்த இடைவெளியில்தான் எல்லோரும் பொறுமை இழந்து தெளிப்பானைத் தூக்குகிறார்கள்.

எனக்கு இதைக் காட்டியவர் என் பெரியம்மா. பள்ளியில் பூச்சி என்றால் பயிரின் எதிரி என்று படித்துவிட்டு வந்து, அசுவினி பிடித்த கொடியை நான் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பழுப்பு மணிகள் ஒட்டியிருந்த ஒரு இலைத்துண்டைக் கிள்ளி, மருந்துக் குப்பிக்குள் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து என்னிடம் கொடுத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், குப்பியின் உள்சுவரில் கருப்பாக ஒரு நூலிழைப் பூச்சி ஏறிக்கொண்டிருந்தது. மணியின் முதுகில் மூடியைத் திறந்ததுபோல ஒரு வட்டத் துளை. பெரியம்மா எதையும் விளக்கவில்லை. குளவியின் பெயரும் அவருக்குத் தெரியாது.

கொத்தமல்லிக்கு வருகிறேன். பூத்துவிட்டது என்று எடுத்துவிட்டீர்கள்! வளர்ந்த குளவிக்கு உணவு தேன். அதன் வாய் குட்டையானது. ஆழமான பூக்களில் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை இவற்றின் பொடிப் பூக்களில் தேன் மேலாகவே இருக்கும். இலைக்காக நான்கு செடியைப் பறித்தால், பூவுக்காக இரண்டை விட்டுவையுங்கள்.

வாசனைதான் பூச்சியை விரட்டுகிறது என்று உங்கள் அட்டவணைகள் நம்பவைக்கின்றன. இங்கிலாந்தில் ஃபிஞ்ச், கோலியர் ஆகியோர் முட்டைக்கோஸ் வேர் ஈயையும் வெங்காய ஈயையும் வைத்து இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். வாசனைச் செடிகள் வாசனையற்ற செடிகளைவிட நன்றாகக் காக்கவில்லை. ஈயைக் குழப்பியது, சுற்றிலும் இருந்த பச்சை இலைகள். வெற்று மண்ணில் பயிர் மட்டும் தனியாக நின்றால், ஈ இறங்கும் பச்சை எல்லாமே அதற்கு வேண்டிய பயிராக இருக்கும். பல செடிகள் நெருங்கி நின்றால் அது தவறான இலையில் இறங்கி நேரத்தை இழக்கும். ஆகவே மண் தெரியும்படி துடைத்து வைக்காதீர்கள்.

வேர்முடிச்சு நூற்புழுவால் வருவது. செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள் இருக்கிறது. அது நூற்புழுவுக்கு நஞ்சு. ஆனால் ஓரத்தில் நிற்கும் இரண்டு செடியால் பயனில்லை. தக்காளி நடுவதற்கு முன்பே பாத்தி முழுக்க நெருக்கமாக விதைத்து, இரண்டு மாதமாவது வளரவிட்டு, பிறகு மண்ணோடு மடக்கிவிட வேண்டும்.

இன்னொன்று. பயறை வேரோடு பிடுங்காதீர்கள். அது சேர்த்த தழைச்சத்து செடி உயிரோடு இருக்கும்போது பக்கத்துச் செடிக்கு அதிகம் போவதில்லை. வேர் மக்கும்போதுதான் மண்ணுக்குக் கிடைக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையோடு அறுத்துவிடுங்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, பயறு வேரில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டையான வேர்முண்டு ஒன்றை உதிர்த்தெடுத்து, நகத்தால் கீறி மகளிடம் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது. நூற்புழு முடிச்சை இப்படி உதிர்த்தெடுக்க முடியாது, அது வேரே வீங்கியது; இரண்டையும் அவள் பிரித்தறியட்டும்.

தட்டைப்பயறை மறுபடியும் விதையுங்கள். அசுவினி வந்ததும் எனக்கு எழுதுங்கள், சோப்பைக் கரைப்பதற்கு முன்னால்.