ஐம்பதாயிரம் ரூபாயில் ஆன்லைன் டி-ஷர்ட் பிராண்டு தொடங்க முடியுமா?

முடியும், ஆனால் மொத்தப் பணத்தையும் முதல் மாதமே சரக்கில் போட்டுவிடாதீர்கள். திருப்பூரில் பின்னலாடை மொத்த விற்பனைக் கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்கு நேரில் போய் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பருத்தியில் ஒரே டிசைன், இரண்டு நிறம் மட்டும் பாருங்கள். வாங்கும் முன் ஒரு சாம்பிளை வீட்டில் மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டு, டேப் வைத்து அளந்து பாருங்கள். நீளம் ஒரு அங்குலம் சுருங்கி, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தத் துணி வேண்டாம், ஒருமுறை வாங்கியவர் மறுபடி வரவே மாட்டார். கேஷ் ஆன் டெலிவரி இப்போதைக்கு வேண்டாம். பார்சலை வாங்காமல் திருப்பிவிட்டால் போக வரக் கூரியர் செலவு உங்கள் தலையில்தான். அப்புறம் ஜிஎஸ்டி: சொந்தத் தளத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, பெங்களூருக்கு ஒரு சட்டை அனுப்பினாலும் கட்டாயம்.