ஊசி தடித்தது, எக்ஸ்ரே சுத்தம், மாத்திரை எதற்கு?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் குடியாத்தம் பக்கம். நான் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன், வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த என் கொழுந்தனாருக்குச் சளியில் டி.பி. என்று வந்து, போன மாதத்திலிருந்து மாத்திரை சாப்பிடுகிறார். எல்லோரும் ஒரே ஹாலில்தான் படுப்போம். சுகாதார நிலையத்திலிருந்து வந்து எங்களைப் பரிசோதித்தார்கள். எக்ஸ்ரேயில் யாருக்கும் ஒன்றும் இல்லை. கையில் போட்ட ஊசி எனக்கு 14 மில்லிமீட்டர் என்று எழுதினார்கள். வீட்டுக்காரருக்குத் தடிக்கவே இல்லை. உனக்கு நோய் இல்லை, ஆனால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடு என்கிறார்கள். நோய் இல்லாதவளுக்கு மாத்திரை எதற்கு? மாமியாருக்கு 62 வயது, சர்க்கரை இருக்கிறது. ஊசிக்குக் கையையே நீட்டவில்லை. மூன்று வயதுப் பையனும் இருக்கிறான். பீடித் தூளால் இது வருமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உங்களுக்குச் சொன்னது சரிதான் அம்மா. காரணத்தை உட்கார்ந்து விளக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

டி.பி. கிருமி காற்றில் வருவது. கொழுந்தனார் மாத்திரை ஆரம்பிக்கும் முன் இருமிக்கொண்டிருந்த நாட்களில் அந்த ஹாலில் படுத்த எல்லோருமே அதைச் சுவாசித்திருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு உடம்பே அதை அடக்கிவிடும். சிலருக்குச் சாகாமலும் வளராமலும் நீறு பூத்த நெருப்பாக உள்ளே கிடக்கும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, எக்ஸ்ரேயில் நிழல் தெரியாது, அடுத்தவருக்குப் பரவவும் பரவாது. இப்படிக் கிருமியை வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் என்றைக்காவது அது நோயாகிறது. அதிலும் பெரும்பங்கு தொற்றிய முதல் இரண்டு வருஷத்துக்குள். நீங்கள் அந்த இரண்டு வருஷத்தின் ஆரம்பத்தில் நிற்கிறீர்கள். மாத்திரை அதற்குத்தான்.

ஊசியைப் பற்றி. உங்களுக்குப் போட்டது மாண்டூ ஊசி; டி.பி. கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பது. அதில் பார்ப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. முழங்கைக்குக் கீழே, உள்பக்கத் தோலுக்குள் 0.1 மில்லி மருந்தை ஏற்றினால் கொசு கடித்தது போல ஒரு சின்னக் குமிழ் எழும்பி அடங்கும். 48 மணி நேரத்துக்கு மேல், 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். பழகின நர்ஸ் பால்பாயிண்ட் பேனாவைத் தோலில் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருவார். கெட்டியான விளிம்பில் பேனா தானாக நிற்கும். அங்கே ஒரு கோடு, எதிர்ப்பக்கம் ஒரு கோடு, நடுவில் ஸ்கேல். கையின் குறுக்கே அளக்க வேண்டும், நீளவாக்கில் அல்ல. சொறிந்துவிட்டு, மஞ்சளைப் பூசிக்கொண்டு வந்து நின்றால் அளப்பது கஷ்டம். வியாழக்கிழமை போட்டுக்கொண்டால் பார்க்கிற நாள் சனி, ஞாயிறில் போய் விழும்; திங்களோ செவ்வாயோ நல்லது.

பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்கிற டி.பி. தடுப்பூசியால்தான் தடித்துவிட்டது என்று உங்கள் தெருவிலேயே யாராவது சொல்வார்கள். கைக்குழந்தையில் போட்டதன் பாதிப்பு பத்து வருஷம் போனால் பெரும்பாலும் மங்கிவிடும். டி.பி. நோயாளியோடு ஒரே ஹாலில் படுத்தவருக்கு 14 வந்தால் நான் பி.சி.ஜி.யைத் தேடிப் போகமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரருக்குத் தடிக்காததை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம். கிருமி உள்ளே போய் ஊசியில் காட்ட இரண்டு முதல் எட்டு வாரம் ஆகலாம். எட்டு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மாமியார். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது உங்கள் 14 அல்ல, அவர்கள்தான். சர்க்கரை உள்ளவருக்கு டி.பி. நோயாகிற ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. வேலூர்ப் பக்கம் முழுக்க நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பரிசோதனைக்கு முதலில் வந்து நிற்பது திடமான வாலிபர்கள், கடைசி வரை வராதது வீட்டுப் பெரியவர்கள். நியாயமாக அது தலைகீழாக இருக்க வேண்டும். ஊசிக்குப் பயந்தால் ஊசி வேண்டாம். அரசின் 2021 வழிகாட்டுதலே, இந்தப் பரிசோதனை கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டில் இருப்பவருக்குத் தடுப்பு மாத்திரையை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நல்ல செய்தி. இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வியர்வை இல்லையா என்று கேட்டுவிட்டு, ஈரல் ரத்தப் பரிசோதனையும் பார்த்து, டாக்டர் முடிவு செய்யலாம். வயதானவர்களுக்கு ஈரல் கொஞ்சம் இளக்கம், அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது. மூன்று மாத சர்க்கரை அளவையும் அப்போதே பார்த்துவிடுங்கள். “உங்களுக்கு நோய் என்று யாரும் சொல்லவில்லை அத்தை, பையனுக்காக வாங்க” என்று கூப்பிட்டுப் பாருங்கள். பேரனுக்காக வராத பாட்டியை நான் பார்த்ததில்லை.

பையனுக்கு ஊசிக் கணக்கே வேண்டாம். ஐந்து வயதுக்குள் என்றால், நோய் இல்லை என்று உறுதியானதும் எடைக்கேற்ற மருந்து. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்குச் சொன்னது தினம் ஒரு ஐசோனியசிட் மாத்திரை, ஆறு மாதம். ரிஃபாபென்டினும் ஐசோனியசிட்டும் சேர்த்து வாரம் ஒரு தடவை வீதம் பன்னிரண்டு வாரம் சாப்பிடுகிற முறையும் உண்டு. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐசோனியசிட்டில் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும், அதற்கு வைட்டமின் பி-6 கொடுப்பார்கள். வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். இந்த மாதங்களில் வீட்டில் யாரும் குவார்ட்டர் பக்கம் போகக் கூடாது, தீபாவளியே வந்தாலும். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கொழுந்தனாரின் சளியில் மருந்துக்கு அடங்காத கிருமி என்று வந்ததா? வந்திருந்தால் உங்கள் மாத்திரையே வேறாகும்.

பீடித் தூளில் டி.பி. கிருமி வராது, நீங்கள் சுற்றிய பீடி வழியாகவும் பரவாது. கடைக்காரர் இலை, தூள் கொடுக்க யோசித்தால் இதைச் சொல்லுங்கள். பீடி குடிப்பது வேறு விஷயம், அது ஆபத்தைக் கூட்டும்.

அப்புறம், கொழுந்தனாரைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும். எங்கள் தாத்தா காலத்தில் நோயாளியை இங்கிருந்து மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானட்டோரியத்துக்கு, அதாவது டி.பி.க்காரர்களைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரிக்கு, அனுப்பிவிடுவார்கள். சென்னையில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தும், சானட்டோரியத்தில் வைத்துக் கொடுத்தும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1959லும் அதன் பிறகும் வந்த முடிவுகள்: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. பரவ வேண்டியது மாத்திரைக்கு முன்பே பரவிவிடுகிறது; மாத்திரை ஆரம்பித்ததும் பரவுவது வேகமாகக் குறைகிறது. சத்தாகச் சாப்பிடுவது நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது.

கேள்வி: நான் நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் முன் எடுத்த, டி.பி. கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் இக்ரா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். எக்ஸ்ரே நார்மல். வேலை போய்விடுமா?
- காட்பாடி வாசகி

பதில்: நம் ஊர் வார்டுகளில் வேலை பார்த்த நர்ஸுக்கு இக்ரா பாசிட்டிவ் வருவது அதிசயமே இல்லை. பி.சி.ஜி. அதைக் குழப்பாது, ஆகவே கிருமி உள்ளே போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். தூங்குகிறதா, நோயா என்று இக்ரா சொல்லாது. அதைச் சொல்வது எக்ஸ்ரேயும் அறிகுறிகளும்தான். எக்ஸ்ரே அறிக்கையையும், தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் அதை முடித்ததற்கான சான்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர்களிடம் காட்டுங்கள். மாத்திரை முடிந்தபின் “நெகட்டிவ் ஆகிவிட்டதா” என்று மறுபடி இக்ரா எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும்.

பெயர் போடாமல் எழுதிய ராணிப்பேட்டை அன்பருக்கு: பக்கத்து மெஷின்காரருக்கு டி.பி., எனக்கும் ஊசி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் ஒரு மாதமாக இருமுகிறேன், பேன்ட் லூசாகிவிட்டது என்கிறீர்கள். உங்களுக்கு ஊசி வேண்டாம், இக்ராவும் வேண்டாம். நாளைக்குக் காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, எச்சில் அல்லாமல் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். காசு கிடையாது. எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை வேலைக்கு லீவு போடுங்கள், முடியவில்லை என்றால் முகக்கவசத்தோடு போங்கள்.